பயத்துக்கு ஒரு கணக்கு

(கிளிநொச்சிக்கு அருகே ஒரு கிராம வாசிகசாலை விழாவில் பேசியது)

பெரியவர்களே, தாய்மாரே, முன்னால் பாயில் இருக்கிற பிள்ளைகளே, வணக்கம்.

போன மாதம் இங்கே காணிவேல் வந்தபோது பக்கத்தில் நின்ற ஒரு ஆச்சி என்னிடம் கேட்டார்: “தம்பி, காசு குடுத்தும் ஆரும் பயப்படுவினமோ?” ராட்டினத்தில் கத்திய பெடியளைப் பார்த்துத்தான் கேட்டார். பங்கருக்குள் பேரப்பிள்ளைகளை அணைத்துக்கொண்டு இரவுகளைக் கழித்தவர் அவர். அந்தக் கேள்வியைச் சிரித்து மழுப்ப எனக்கு மனம் வரவில்லை. பௌதிகவியல் படிப்பிக்கிறவன் என்ற முறையில் இன்றைக்குப் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

காசு கொடுத்துப் பயப்படுகிற விளையாட்டுகளில் பேர்போனது ரோலர் கோஸ்டர்: தண்டவாளத்தில் ஏறி இறங்கிச் சீறி ஓடும் பெட்டி வண்டி. அந்தச் சறுக்கு விளையாட்டு எங்களுக்குப் புதிதில்லை. தென்னமட்டையில் குந்திக் குளக்கட்டில் சறுக்காத பிள்ளை இங்கே உண்டா? ரஷ்யாவில் 17ஆம் நூற்றாண்டிலேயே மரமேடை கட்டி, அதில் பனிக்கட்டி படியவிட்டுச் சறுக்கினார்கள். பிரெஞ்சு மொழியில் ரோலர் கோஸ்டருக்கு இன்றைக்கும் ‘ரஷ்ய மலை’ என்றுதான் பெயர்.

அமெரிக்காவில் கதை நிலக்கரியில் தொடங்குகிறது. 1827இல் பென்சில்வேனியாவில் மலையிலிருந்து கரி இறக்கத் தண்டவாளம் போட்டார்கள். கரிப் பெட்டிகள் தம் பாரத்திலேயே கீழே ஓடும். வெறும் பெட்டிகளைக் கோவேறு கழுதைகள் மேலே இழுக்கும். கீழே வரும்போது கழுதைகளும் ஒரு பெட்டியில் ஏறி வரும். அந்தச் சுகம் கண்டபின் அவை நடந்து இறங்க மறுத்தனவாம்! பிறகு மனிதரும் காசு கொடுத்து ஏறினார்கள். 1884இல் லாமார்கஸ் தொம்சன் நியூயோர்க்கின் கோனி தீவில் இதை விளையாட்டாகவே அமைத்தார். கட்டணம் 5 சதம், வேகம் மணிக்கு ஏறக்குறைய 10 கிலோமீற்றர். எங்கள் பிள்ளைகள் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிற வேகம்கூட இல்லை. 2010இல் அபுதாபியில் திறந்த ஃபார்முலா ரோசா என்ற ரோலர் கோஸ்டர் மணிக்கு 240 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிறது.

சரி, வயிற்றுக்குள் அந்தக் ‘குபுக்’ எப்படி வருகிறது? பஸ் வேகமாக மதகு ஏறி இறங்கும்போது எல்லாருக்கும் வந்திருக்கும். குடலும் இரைப்பையும் எப்போதும் தம் பாரத்தை உடம்பின்மேல் போட்டுக்கொண்டிருக்கின்றன. நாங்களும் அவையும் ஒன்றாக விழுகிற அந்த நொடியில் அந்தப் பாரம் இல்லாமல் போகிறது. மூளைக்கு அது புதுச் செய்தி, அதனால் அலறுகிறது.

தலைகீழாகச் சுற்றும் வளையம் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1895இல் கோனி தீவில் முழு வட்டமாகவே ஒரு வளையம் கட்டினார்கள். ஏறியவர்கள் கழுத்து நோவோடு இறங்கினார்கள். ஏன்? உயர்தரப் பிள்ளைகள் கொப்பியை எடுத்துக் கணக்குப் போடுங்கள். முழு வட்டத்தின் உச்சியில் இருக்கையை விட்டு விழாமல் இருக்கத் தேவையான வேகத்தோடு வந்தால், வட்டத்தின் அடியில் உங்கள் நிறை ஆறு மடங்காகத் தெரியும். 50 கிலோப் பிள்ளைக்கு 300 கிலோ. நாலு மூடை நெல்லுக்கு மேல்! 1976இல் ஜேர்மன் பொறியியலாளர் வேர்னர் ஸ்டெங்கல் கலிபோர்னியாவில் ஒரு வளையத்தை வேறு விதமாக வரைந்தார். உச்சியில் ஆரை சிறிது, அடியில் ஆரை பெரிது. கவிழ்ந்த மழைத்துளி மாதிரி. கழுத்து தப்பியது. ஒரு வளைகோட்டை மாற்றி வரைந்ததில் வந்த விடுதலை அது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

ஒரு சின்னத் தகவல்: சிறுநீரகக் கல் வெளியேற ரோலர் கோஸ்டர் உதவுமா என்று அமெரிக்க வைத்தியர்கள் 2016இல் சோதனை முடிவு வெளியிட்டார்கள். கல் வைத்த மாதிரிச் சிறுநீரகத்தோடு ஏறிப் பார்த்தார்கள். கல் நகர்ந்து வெளியேறியது. பின் இருக்கையில் ஏறக்குறைய 64 சதவீதமான தடவைகளில், முன் இருக்கையில் 17 சதவீதமான தடவைகளில்.

சாகசக் காட்சிக்கு வருவோம். ஹொலிவூட் யூனிவேர்சல் பூங்காவின் வோட்டர்வேர்ல்ட் காட்சி 1995 முதல் நடக்கிறது. கடல் விமானமொன்று மதிலைத் தாண்டி வந்து சனத்தின் முன்னால் விழும். தீயில் எரிகிற நடிகர்கள் உடுப்புக்குள் குளிர்ந்த தீக்காப்பு ஜெல் பூசியிருப்பார்கள். பொதுவாகவே, உயரத்திலிருந்து காற்றுப் பையில் குதிக்கிற சாகச நடிகர்கள் முதுகால்தான் விழுவார்கள்.

எங்கள் காணிவேலின் மரணக் கிணறு இவற்றுக்குக் குறைந்ததில்லை. பலகைச் சுவர் அதிர்கிறது, பெற்றோல் மணம் மேலே ஏறுகிறது, மேலேயிருந்து நீட்டிய ரூபாய் நோட்டைச் சுவரில் மோட்டார் சைக்கிள் ஓடுகிறவர் பறித்துக்கொண்டு போகிறார். அவரைத் தாங்குவது டயருக்கும் பலகைக்கும் உள்ள உராய்வுதான். தண்ணீர் வாளியைச் சுழற்றினால் தண்ணீர் அடிப்பக்கத்தோடு ஒட்டிக்கொள்கிறதல்லவா, அப்படி அவர் சுவரை அழுத்துகிறார். 5 மீற்றர் ஆரையுள்ள கிணற்றுக்கு மணிக்கு 30 கிலோமீற்றர் அளவிலேயே அந்த உராய்வு போதும். ஆனால் வேகம் குறைந்தால் அவருக்குக் கம்பிப் பாதுகாப்பு எதுவும் இல்லை. ஓட்டம் முடிந்ததும் நான் அவரின் கையைப் பிடித்தேன். வியர்த்து நடுங்கிக்கொண்டிருந்தது.

இப்போது ஆச்சிக்கு. அம்மா, பங்கருக்குள் அந்தப் பயம் எப்போது முடியும் என்று எங்களுக்குச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. ராட்டினத்தில் ஏறுகிற பிள்ளைக்கு இரண்டு நிமிடத்தில் இறங்குவோம் என்று தெரியும். அதற்குத்தான் அது காசு கொடுக்கிறது. பத்திரமாக இறங்குவதற்கும் ஏற்பாடு உண்டு: ரோலர் கோஸ்டரின் சில்லுகள் தண்டவாளத்தின் மேலும் பக்கத்திலும் அடியிலும் பிடித்திருக்கின்றன. அடிச் சில்லு 1919இல் ஜோன் மில்லர் கண்டுபிடித்தது. உச்சிக்கு ஏறும்போது ‘டக் டக் டக்’ என்று நெஞ்சைப் பிசைகிற சத்தம், சங்கிலி அறுந்தாலும் பெட்டி பின்னால் ஓடாமல் பிடிக்கிற கொழுவியின் சத்தம்.

அங்கே ஒரு தங்கச்சி கொப்பியோடு எழும்பி நிற்கிறா. ஆறு மடங்கு வந்ததா, பிள்ளை? வந்து பலகையில் போட்டுக் காட்டுங்கள்.