மதர்போர்டு மாற்றியபின் விண்டோஸ் விழுகிறதா? எந்த இடத்தில் விழுகிறது என்று பாருங்கள்

[திரையில்: விண்டோஸ் லோகோ, நீலத்திரை, மறுபடி லோகோ]

வணக்கம். புது மதர்போர்டு மாட்டியாயிற்று. பவர் பட்டனை அழுத்தினால் லோகோ வருகிறது, நீலத்திரை வருகிறது, தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. இந்தக் கட்டத்தில் பலர் பொறுமை இழந்து டிஸ்கை ஃபார்மேட் செய்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதை மட்டும் இப்போது செய்யாதீர்கள். பெரும்பாலும் உங்கள் விண்டோஸும் ஃபைல்களும் அப்படியே பத்திரமாக இருக்கும். சிஸ்டம் எந்த இடத்தில் விழுகிறது என்று கவனியுங்கள். காரணத்தை அதுவே பாதி காட்டிக்கொடுக்கும்.

[திரையில்: போர்டின் ஓரத்தில் எரியும் சிறிய எல்இடி]

லோகோவே வரவில்லை என்றால் விண்டோஸ் மேல் பழியில்லை. ப்ராசஸர் பக்கத்தில் இருக்கும் 8 பின் பவர் கேபிள் மாட்டியிருக்கிறதா, ரேம் முழுவதும் உட்கார்ந்திருக்கிறதா, போர்டுக்கு அடியில் தேவையில்லாத இடத்தில் ஸ்டாண்டாஃப் (போர்டைத் தாங்கும் சிறு உலோகத் தூண்) இருந்து ஷார்ட் ஆகிறதா என்று பாருங்கள். ஒரே ஒரு ரேமை மட்டும், மேனுவலில் சொல்லியிருக்கும் ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள். டிடிஆர்5 ரேம் என்றால் முதல் தடவை திரை வரச் சில நிமிடங்கள்கூட ஆகலாம். அதற்குள் பவரை அணைத்துவிட வேண்டாம்.

[திரையில்: 'இனாக்சசிபிள் பூட் டிவைஸ்' என்ற வரி பெரிதாகிறது]

லோகோ வந்த பிறகு இந்த வரியோடு விழுகிறதா? போர்டு மாற்றியவர்களை அதிகம் அலைக்கழிப்பது இதுதான், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

தொடக்கத்தில் டிஸ்கைப் படிப்பது பயாஸின் (போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருளின்) உதவியோடுதான். அதனால்தான் லோகோ வரை எல்லாம் சரியாக வருகிறது. அதன்பின் விண்டோஸ் தன் சொந்த டிரைவரை வைத்து டிஸ்கைத் தொட வேண்டும். பழைய போர்டில் டிஸ்க் ஏஎச்சிஐ என்ற சாதாரண இணைப்பு முறையில் இருந்திருக்கும். பூட் ஆகும்போது அந்த டிரைவரை மட்டும் ஏற்றிக்கொள்ள விண்டோஸ் பழகியிருக்கும். புது போர்டில் ரெய்டு (பல டிஸ்குகளை ஒன்றாகச் சேர்க்கும் முறை) அல்லது இன்டெல் விஎம்டி (டிஸ்குகளை நிர்வகிக்கும் இன்டெலின் தனி முறை) ஆன் ஆகியிருந்தால், விண்டோஸ் தன் டிஸ்கையே கண்டுபிடிக்க முடியாமல் நின்றுவிடும்.

பயாஸுக்குள் போய், ஸ்டோரேஜ் பகுதியில் அந்த முறையைப் பழைய போர்டில் இருந்தபடி மாற்றுங்கள். அவ்வளவுதான், பல சிஸ்டங்கள் இதிலேயே எழுந்துவிடும். ஒரு எச்சரிக்கை: பழைய போர்டில் நிஜமாகவே ரெய்டு அமைத்து டேட்டா வைத்திருந்தால் ஏஎச்சிஐக்கு மாற்றாதீர்கள்.

அப்படியும் வரவில்லையா? அடுத்தடுத்துச் சில தடவை பூட் தோற்றால் ரிப்பேர் திரை தானாக வரும். ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று போய் 4-ஐ அழுத்தினால் சேஃப் மோடு. அதில் ஒருமுறை உள்ளே போய்விட்டால் தேவையான டிரைவரை விண்டோஸ் தானே பிடித்துக்கொள்வதும் உண்டு. பிறகு சாதாரணமாக ரீஸ்டார்ட் செய்து பாருங்கள்.

[திரையில்: 'பூட் டிவைஸ் இல்லை' என்ற செய்தி]

பூட் டிவைஸே இல்லை என்று வந்தால் கதை வேறு. பழைய விண்டோஸ் எம்பிஆர் என்ற பழைய அமைப்புள்ள டிஸ்கில், லெகசி என்ற பழைய பூட் முறையில் போடப்பட்டிருக்கலாம். புது போர்டு யுஇஎஃப்ஐ என்ற புதிய பூட் முறையை மட்டும் பார்க்கும். பயாஸில் பழைய முறையை அனுமதிக்கும் சிஎஸ்எம் இருந்தால் ஆன் செய்யுங்கள். இல்லையென்றால், விண்டோஸ் 10-லும் 11-லும் இருக்கும் எம்பிஆர்2ஜிபிடி கருவி டேட்டாவை அழிக்காமல் டிஸ்கை யுஇஎஃப்ஐக்கு ஏற்ற ஜிபிடி அமைப்புக்கு மாற்றித் தரும்; பிறகு பயாஸில் யுஇஎஃப்ஐ முறையில் பூட் செய்யுங்கள். பேக்கப் எடுத்துவிட்டே அதைத் தொடுங்கள்.

[திரையில்: பிட்லாக்கர் கீ கேட்கும் நீலத்திரை]

இதுவும் நீலத்திரைதான், ஆனால் கிராஷ் இல்லை. டிஸ்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் வசதி கீ கேட்கிறது. டிஸ்கின் பூட்டைத் திறக்கும் ரகசியம் பழைய போர்டின் அல்லது ப்ராசஸரின் டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதியோடு கட்டப்பட்டிருக்கும். அது மாறியதும் விண்டோஸ் 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கும். உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் தேடுங்கள், பலருக்கு அங்கேதான் சேமிக்கப்பட்டிருக்கும். போர்டை இன்னும் மாற்றாமல் இந்த வீடியோவைப் பார்க்கிறவர்கள், அந்தக் கீயை இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கீ இல்லையென்றால் அந்த டேட்டாவை யாராலும் மீட்டுத் தர முடியாது.

டெஸ்க்டாப் வந்து சில நிமிடத்தில் விழுகிறது என்றால், முதலில் பயாஸில் எக்ஸ்எம்பியை (ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் அமைப்பை) ஆஃப் செய்யுங்கள். பழைய போர்டில் ஓடிய ரேம் வேகம் புதியதில் நிலைக்காமல் போகலாம். அப்புறம் பழைய போர்டு கம்பெனியின் ஃபேன், லைட் கன்ட்ரோல் சாஃப்ட்வேர்களை நீக்கிவிட்டு, புது போர்டின் சிப்செட் டிரைவரைப் போடுங்கள்.

இவ்வளவுக்கும் மசியவில்லை என்றால் விண்டோஸைப் புதிதாகப் போடுவதில் தவறில்லை. அதற்கு முன் லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்து, உங்கள் ஃபோட்டோக்களையும் ஃபைல்களையும் வேறொரு டிஸ்குக்குக் காப்பி செய்துவிடுங்கள்.