சர்க்கரையோடு மனச்சோர்வும் சேர்ந்தால்

அவையோருக்கு வணக்கம். அறுபதைத் தாண்டிய சர்க்கரை நோயாளி ஒருவர் பேச்சைக் குறைத்துக்கொண்டு, சாப்பாட்டில் நாட்டமில்லாமல் உட்கார்ந்திருந்தால், ‘வயசாயிடுச்சு’ என்று விட்டுவிடுகிறோம். அப்படி விடுவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

நியூயார்க், பிலடெல்பியா, பிட்ஸ்பர்க் பகுதிகளில் 20 குடும்ப மருத்துவர் கிளினிக்குகளில் ‘ப்ராஸ்பெக்ட்’ ஆய்வு நடந்தது. மனச்சோர்வுள்ள முதியவர்கள் 584 பேர். அவர்களில் 123 பேருக்குச் சர்க்கரை நோய். பாதிக் கிளினிக்குகளில் மனச்சோர்வைக் கவனிக்கவென்றே ஒரு செவிலியர், சமூகப் பணியாளர் அல்லது உளவியலாளர் இருந்தார். மாத்திரை ஒத்துக்கொள்கிறதா, பலன் தெரிகிறதா என்று தொடர்ந்து விசாரித்து, சிகிச்சையை மாற்ற மருத்துவரோடு பேசுவது அவர் வேலை. முதல் மருந்து, சிட்டலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரை. மாத்திரை வேண்டாம் என்றவர்களுக்குப் பேச்சுவழிச் சிகிச்சை. மற்றக் கிளினிக்குகளின் மருத்துவர்களுக்கும் நோயாளியின் மனச்சோர்வு தெரிவிக்கப்பட்டது. ஆனால் பின்தொடர ஆள் இல்லை.

2007-இல் வெளியான முடிவின்படி, ஐந்தாண்டுக் காலத்தில் இரு நோயும் உள்ளவர்களில் இந்தக் கவனிப்பு பெற்றோரின் இறப்பு அபாயம், மற்றவர்களுடையதைப்போல் 0.49 மடங்குதான். 123 பேர் சிறிய தொகை. உண்மை அளவு 0.24 முதல் 0.98 வரை எங்கும் இருக்கலாம். அதனால் ‘சரிபாதி’ என்று அடித்துச் சொல்ல மாட்டேன். நோயைக் கண்டுபிடித்துச் சொன்னால் மட்டும் போதாது என்பதை அடித்தே சொல்வேன்.

இங்கே சிகிச்சை எங்கே தடம் புரள்கிறது? களைப்பும் தூக்கமின்மையும் சர்க்கரையாலும் வரும். ஆகவே ‘முன்பு பிடித்தது எதுவும் இப்போது பிடிக்கவில்லையா?’ என்று கேளுங்கள். இதே களைப்பு தைராய்டாலும் பி12 வைட்டமின் குறைவாலும் வரலாம் என்பதால், தைராய்டையும் பாருங்கள், மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை நெடுநாள் எடுப்பவருக்கு பி12 அளவையும் பாருங்கள்.

மனச்சோர்வு மாத்திரை முழுப் பலன் தர 4 முதல் 6 வாரமாகும். பலர் இரண்டாம் வாரமே நிறுத்திவிடுகிறார்கள். முதல் தொலைபேசி விசாரிப்பு அதற்கு முன்பே போக வேண்டும். அறுபதைக் கடந்தவருக்கு சிட்டலோபிராம் நாளைக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. தாண்டினால் இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடலாம். நீர் பிரிய மாத்திரையும் எடுப்பவருக்கு, சிட்டலோபிராம் சேரும்போது ரத்தத்தில் சோடியம் குறைந்து குழப்பமும் தள்ளாட்டமும் வரலாம். தொடங்கிய சில வாரங்களில் சோடியம் பரிசோதியுங்கள். சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமெபிரைடு மாத்திரையோ எடுப்பவருக்கு சிட்டலோபிராமோடு சர்க்கரை திடீரென இறங்கலாம். அந்த வாரங்களில் வீட்டில் அடிக்கடி அளக்கச் சொல்லுங்கள். ‘உயிரோடு இருந்து என்ன பயன்’ என்று அவர் சொன்னால், அடுத்த முறை பார்க்கலாம் என்று விடாமல், அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.