மாட்டு ஊசியும் பாறுக் கழுகும்

எல்லாருக்கும் வணக்கம். மனிதன் மற்ற விலங்குகளைவிட மேலானவனா என்று எனக்குத் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். ராக்கெட், கைபேசி, இதய மாற்று என்று அடுக்கினால் கைதட்டு கிடைக்கும். நான் ஒரு மாட்டு ஊசியைப் பற்றிப் பேசப்போகிறேன்.

டைக்ளோஃபினாக் உங்களுக்குத் தெரியும். முட்டிவலிக்கு நாமே போட்டுக்கொள்வதுதான். தொண்ணூறுகளில் அது மாட்டுக்கும் வந்தது. மடிவீக்கமா, காலில் அடியா, ஓர் ஊசி போட்டால் மாடு எழுந்து நிற்கும். விலையும் மலிவு. வாயில்லா ஜீவன் வலியில் துடிப்பதைப் பார்த்துப் பொறுக்காமல் செய்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சரி, ஊசி போட்டும் சில மாடுகள் செத்துப்போகும். எங்கள் ஊரில் செத்த மாட்டை ஏரிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் போடுவார்கள். நான் சிறுவனாக இருந்தபோது, கொஞ்ச நேரத்தில் வானத்தில் பாறுக் கழுகுகள் புள்ளி புள்ளியாகத் தெரியும். அப்புறம் இறங்கும். இறக்கையைப் பாதி விரித்தபடி தத்தித் தத்தி வந்து, ஒன்றையொன்று இடித்துத் தள்ளிச் சீறிக்கொண்டே தின்னும். மறுநாள் போனால் எலும்புதான் கிடக்கும். நாற்றம் இருக்காது. பிணந்தின்னி என்று முகம் சுளிக்கிறோமே, ஆந்த்ராக்ஸ் கிருமியையே தாங்குகிற வயிறு அதற்கு.

அந்த வயிற்றுக்கு நம் ஊசி மருந்து ஆகவில்லை. மருந்து ஏறிய மாட்டைத் தின்ற பாறுவின் சிறுநீரகம் செயலிழக்கும். ஈரல் மேலும் இதயத்தின் மேலும் யூரிக் அமிலம் சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளையாகப் படியும். கழுத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கிளையிலேயே உட்கார்ந்திருக்கும், பிறகு விழும். 2007க்குள் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் போய்விட்டன. ஆண்டுக்கு ஒரே முட்டை இடுகிற பறவை எப்படி ஈடுகட்டும்? மும்பையில் பார்சிகள் இறந்தவர்களைப் பறவைகள் தின்ன வைக்கும் அமைதிக் கோபுரங்களுக்கும் பறவை வராமல் போனது. குப்பைமேட்டில் கிடந்த செத்த மாடுகள் தெருநாய்களுக்குப் போயின.

காரணத்தைக் கண்டுபிடித்ததும் மனிதன்தானே என்று கேட்பீர்கள். உண்மைதான். 2004இல் கண்டுபிடித்தோம், 2006இல் மாட்டு மருந்தாக விற்கத் தடை விதித்தோம். எந்தக் கழுகாலும் இது முடியாது. அறிவில் நாம் மேல். அதில் எனக்குச் சண்டையே இல்லை. தெரிந்துகொண்ட பிறகு நடந்துகொண்ட விதத்தில்தான் கோட்டைவிட்டோம். மனிதருக்கான பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்குப் போட்டோம். மனிதருக்கான ஊசி மருந்து ஒரு குப்பியில் 3 மில்லிக்கு மேல் கூடாது என்று 2015இல் அரசு சொல்ல வேண்டி வந்தது. அதே கேட்டைச் செய்கிற கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் என்ற வலி மருந்துகள் இரண்டுக்கும் மாட்டு மருத்துவத்தில் தடை வந்தது 2023இல். இத்தனைக்கும் மெலாக்சிகாம் என்ற வலி மருந்து பாறுகளுக்குத் தீங்கில்லை என்று 2006லேயே தெரியும்!

நீலகிரிப் பக்கம் மோயாற்றுப் பள்ளத்தாக்கில் ஆற்றோரத்து நீர்மருது மரங்களில் இன்னும் சில பாறுக் கூடுகள் இருக்கின்றன. தாயும் தகப்பனும் மாறி மாறி அடைகாக்கும்.

போன மாதம், சோதித்துப் பார்க்கலாமே என்று, ஒரு மருந்துக் கடையில் மாட்டுக்கு டைக்ளோ ஊசி கேட்டேன். கடைக்காரர் யோசிக்கவே இல்லை.

"பெரிய பாட்டில் வர்றதில்ல அண்ணே. சின்னதா அஞ்சு தர்றேன், சேர்த்துப் போட்டுக்குங்க."