கண்ணாடி மூடும்போது கை தேடும் குமிழ்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். நான் சேலத்தில் கார் ஏசி வேலை பார்க்கிறவன். கேஸ் அடிப்பது, கூலிங் காயில் மாற்றுவது, கம்ப்ரஸர் இறக்கி ஏற்றுவது என்று 23 வருடமாக இதுதான் தொழில். பேச வரச் சொன்னபோது வேறு எதையும் யோசிக்கவில்லை. போன கார்த்திகையில் ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது நடந்ததைத்தான் சொல்ல வேண்டும் என்று வந்திருக்கிறேன்.

மச்சான் புது வண்டி எடுத்திருந்தார். நல்ல வண்டிதான், ஆனால் உள்ளே திருகுகிற குமிழ் என்று ஒன்றுகூடக் கிடையாது. ஏசி, காற்று, பாட்டு எல்லாமே நடுவில் இருக்கிற பெரிய திரைக்குள். ஏசியை ஆட்டோவில், அதாவது தானாக ஓடுகிற முறையில் போட்டு 24 டிகிரி என்று வைத்துவிட்டால் மற்றதை வண்டியே பார்த்துக்கொள்ளும் என்று ஷோரூமில் சொல்லியிருந்தார்கள். மேலே ஏரி, சேர்வராயன் கோயில் எல்லாம் பார்த்துவிட்டு, தூறலில் நன்றாக நனைந்து, ஐந்து பேரும் ஈரத் துணியோடு ஏறி உட்கார்ந்தோம். நான் ஓட்டினேன். இருட்டிவிட்டது. மேலிருந்து ஏழெட்டு வளைவு இறங்கியிருப்போம், முன்கண்ணாடி ஓரத்திலிருந்து வெளுக்க ஆரம்பித்து, நான் என்னவென்று பார்ப்பதற்குள் முழுசாக மூடிவிட்டது. பின்னாலிருந்து அம்மா, "என்னப்பா, ரோடே தெரியலையே" என்றார். என் கை தானாக டாஷ்போர்டில் பழகின இடத்துக்குப் போனது. அங்கே குமிழ் இல்லை, வழவழவென்று திரைதான் இருந்தது. கீழே எங்கேயோ பஸ் ஹாரன் கேட்கிறது. ஜன்னலை இறக்கி, தலையை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டே மெதுவாக மலை ஓரம் ஒதுக்கி நிறுத்தினேன். நிறுத்தின பிறகுதான் திரையில் ஏசி படத்தைத் தொட்டு, அதற்குள் இன்னொரு பக்கம் திறந்து, கண்ணாடிக்குக் காற்று விடுகிற படத்தைக் கண்டுபிடிக்க முடிந்தது.

மலைப்பாதையில் 20 கிலோமீட்டர் வேகத்தில் போனால்கூட மூன்று விநாடியில் 16 மீட்டருக்கு மேல் வண்டி நகர்ந்துவிடும். சேலம் பக்கமிருந்து ஏறுகிற அந்தப் பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் மட்டும் 20. அங்கே திரையைப் பார்த்துத் தேட மூன்று விநாடி யாரிடம் இருக்கிறது?

ஆட்டோ ஏசி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் ஏன் இப்படி ஆனது என்று புரியும். இது புதுசும் இல்லை, 1964-லேயே அமெரிக்காவில் காடிலாக் காரில் வந்துவிட்டது. வண்டிக்குள் எவ்வளவு சூடு என்று பார்க்க ஒரு சென்சார், வெளியே எவ்வளவு என்று பார்க்க முன் பம்பர் பக்கம் ஒன்று, வெயில் எவ்வளவு அடிக்கிறது என்று பார்க்க டாஷ்போர்டு மேலே கண்ணாடி ஓரமாகக் கறுப்புக் குமிழ் மாதிரி ஒன்று, கூலிங் காயிலில் ஒன்று. இவை சொல்வதை வைத்து உள்ளே இருக்கிற பெட்டி ப்ளோயர் வேகத்தை மாற்றும், சின்ன மோட்டார்களால் பிளாப்புகளை, அதாவது காற்று வழியில் இருக்கிற சின்னக் கதவுகளைத் திருப்பிக் குளிர்ந்த காற்றையும் ஹீட்டர் காற்றையும் கலக்கும். அவ்வளவுதான். அதற்குத் தெரிந்தது சூடு, குளிர், வெயில். கண்ணாடிப் பக்கத்தில் ஈரம் எவ்வளவு என்று பார்க்கிற சென்சார் விலை கூடின வண்டிகளில் இருக்கிறது, நம் ஊரில் நிறைய பேர் ஓட்டுகிற வண்டிகளில் அது கிடையாது.

இப்போது நம் மலையை நினைத்துப் பாருங்கள். சேலம் ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமாராக ஆறரை டிகிரி குறையும் என்று கணக்கு, அப்படிப் பார்த்தால் ஒரு மணி நேரத்துக்குள் எட்டு டிகிரி வித்தியாசத்தை வண்டி பார்த்துவிடுகிறது. மேலே குளிர்ந்ததும் குளிரூட்டுகிற வேலை குறைந்துபோகும், சில வண்டிகளில் கம்ப்ரஸரே நின்றுவிடும். கம்ப்ரஸர் ஓடிக் கூலிங் காயில் குளிர்ந்தால்தான் காற்றின் ஈரம் அதில் தண்ணீராகப் படியும், அது நின்றால் காற்றிலிருந்து ஈரத்தை எடுக்கிறவர் யாரும் இல்லை. இதில் உள்காற்றே சுற்றுகிற மாதிரி இருந்துவிட்டால், ஐந்து பேர் மூச்சும் ஈரத் துணியும் குளிர்ந்த கண்ணாடியில் போய்ப் படியாமல் எங்கே போகும்? வண்டியைப் பொறுத்தவரை எல்லாம் சரி. உள்ளே 24 டிகிரி இருக்கிறதே.

நான் ஆட்டோ ஏசிக்கு எதிரி இல்லை. தொப்பூர் வழியாகப் பெங்களூருக்குப் போகிறவருக்கு அது ரொம்ப நல்ல வசதி, கையே வைக்க வேண்டாம். ஆனால் கடைக்கு வருகிற குறைகளில் பாதிக்கு மேல், வண்டி என்ன நினைக்கிறது என்று ஓட்டுகிறவருக்குத் தெரியாததால் வருவதுதான். மத்தியானம் சேலம் ஐந்து ரோடு சந்திப்பில் வெயிலில் நின்ற வண்டியை எடுத்து, சீக்கிரம் குளிரட்டும் என்று 16-இல் வைக்கிறார்கள். ஆட்டோவில் 24 வைத்தாலும் அந்த நேரத்தில் அது முழு மூச்சாகத்தான் ஓடும், 16 வைத்தால் அதைவிட வேகமாகக் குளிராது, அப்புறம் நிற்காமல் குளிர்ந்து பின்சீட்டுக் குழந்தை நடுங்கும். முதலில் நாலு கதவையும் திறந்து சூட்டை வெளியே விடுங்கள், அது எந்த ஆட்டோவையும் விட வேகமான வேலை.

இன்னொன்று. ஒரு அக்கா வண்டி கொண்டுவந்தார், மத்தியானத்தில் குளிர்ச்சியே இல்லை, ராத்திரியில் நன்றாக இருக்கிறது என்றார். கேஸ் பார்த்தேன், சரியாக இருக்கிறது. கம்ப்ரஸர் சரி. டாஷ்போர்டில் பிள்ளையார் வைத்து, தினமும் மல்லிகைச் சரம் போட்டிருந்தார். அந்தச் சரம் வெயில் சென்சாரை மூடியிருந்தது, வண்டிக்கு எப்போதும் நிழல் என்றே தெரிந்திருக்கிறது. பிள்ளையாரை ஒரு சாண் தள்ளி வைத்தோம், சரியாகிவிட்டது. இதை வண்டி விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டாமா? நம் ஊரில் டாஷ்போர்டில் சாமி இல்லாத வண்டி எத்தனை இருக்கிறது?

பிளாப் மோட்டாரில் பிளாஸ்டிக் பல் உடைந்து டக் டக் என்று சத்தம் வருகிறது என்றும் நிறைய வண்டி வரும். மோட்டாரை விட, டாஷ்போர்டை இறக்கி ஏற்றுகிற கூலிதான் அதிகம். கூலி எனக்குத்தான் வருகிறது, ஆனாலும் வாங்கும்போது மனசு கேட்பதில்லை.

2022-இல் ஸ்வீடனில் ஒரு கார் பத்திரிகை ஒரு சோதனை செய்தது. திரை வைத்த 11 புது வண்டிகள், பொத்தானும் குமிழும் வைத்த 2005-ஆம் வருட வால்வோ ஒன்று. 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக்கொண்டே சூட்டைக் கூட்டுவது, கண்ணாடிப் பனியை எடுப்பது, ரேடியோ மாற்றுவது மாதிரி நாலு வகை வேலைகளைச் செய்யச் சொன்னார்கள். பழைய வால்வோவில் 10 விநாடியில் முடிந்தது, அதற்குள் 306 மீட்டர் போயிருந்தது. கடைசியாக வந்த வண்டிக்கு 44.9 விநாடி, 1,372 மீட்டர். அந்த எண்ணைப் படித்தபோது எனக்கு அன்றைக்கு ராத்திரி அம்மா பேசினதுதான் காதில் கேட்டது. இப்போது ஃபோக்ஸ்வாகன் மாதிரிக் கம்பெனிகளே சூடு, காற்று, ஒலி அளவு இவற்றுக்கு நிஜப் பொத்தான் மறுபடி வைக்கப்போவதாக வெளிப்படையாகச் சொல்லியிருக்கின்றன. சந்தோஷம். நம் நாட்டில் 2025 அக்டோபர் 1-ஆம் தேதியிலிருந்து தயாராகிற, மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கெல்லாம் கேபினில் ஏசி கட்டாயம் ஆகியிருக்கிறது. சங்ககிரி லாரிக்காரர்கள் வெந்து நொந்து ஓட்டினதைப் பார்த்தவன் நான், ரொம்ப நல்ல சட்டம். அந்த ஏசிக்குக் கையால் திருகுகிற குமிழே வைக்க வேண்டும் என்பது என் ஆசை.

அதுவரைக்கும் மலைக்குப் போகிறவர்கள் இதை மட்டும் மனதில் வையுங்கள். கண்ணாடி மூடினால் உள்பக்கம் விரலால் ஒரு கோடு போடுங்கள். கோடு விழுந்தால் பனி உள்ளே. ஏசியை அணைக்கக் கூடாது, போடணும், சூட்டைக் கூட்டணும், வெளிக்காற்றைத் திறந்து காற்றைக் கண்ணாடிக்கு விடணும். ஏசியும் சூடும் சேர்ந்தா என்று கேட்பார்கள், ஆமாம், ஏசி ஈரத்தை எடுக்கும், சூடு கண்ணாடியைக் காய வைக்கும். கோடு விழாவிட்டால் பனி வெளியே. மலைக்குளிரிலேயே வந்த கண்ணாடி அடிவாரத்துப் புழுக்கத்தில் நுழையும்போது அப்படி ஆகும். வைப்பரைப் போட்டு, குளிர்காற்றைக் கண்ணாடியிலிருந்து திருப்பிவிடுங்கள்.

மச்சானிடம் அந்த வாரமே சொல்லி, திரையில் முதல் பக்கத்திலேயே கண்ணாடிப் படம் வருகிற மாதிரி மாற்றி வைத்தோம். உங்கள் வண்டியிலும் அந்த வசதி இருக்கலாம். அடுத்த தடவை ஏறுவதற்கு முன்னால் அடிவாரத்தில் ஓரமாக நிறுத்தி, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் அந்தப் பொத்தானை உங்கள் விரல் கண்டுபிடிக்கிறதா என்று பாருங்கள். கண்டுபிடிக்கவில்லை என்றால் பக்கத்து சீட்டில் இருப்பவருக்குக் காட்டிக்கொடுத்துவிட்டு ஏறுங்கள். வணக்கம்.