துடுப்பில்லாத ஒன்பதாமவர்
(தருமபுரியில் மாணவியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

ஒகேனக்கலில் பரிசல் ஏறாதவர்கள் இந்த அரங்கில் அதிகம் இருக்க மாட்டீர்கள். பரிசலோட்டி ஒற்றைத் துடுப்பால் தாமே வலிக்கிறார், தாமே திருப்புகிறார். பாறை எங்கே, சுழல் எங்கே என்பதை அவருடைய கண்ணும் கையும் சேர்ந்தே அறிகின்றன. எண்மர் துடுப்புப் படகிலோ அந்தக் கண் வேறு, கை வேறு. வலிக்கும் எட்டுப் பெண்களும் படகு செல்லும் திசைக்கு முதுகு காட்டி அமர்ந்திருக்க, எதிரே இருப்பதைக் காண்பவர் பின்முனையில் துடுப்பின்றி அமர்ந்திருக்கும் ஒன்பதாமவர் மட்டுமே. அவரைக் காக்ஸ்வெயின், சுருக்கமாகக் காக்ஸ், என்பார்கள். மீகாமன் என்பது நம் பழைய சொல்.

அமெரிக்காவின் மேரி விப்பிள் அந்த இருக்கையில் அமர்ந்து, 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் வெள்ளியும், 2008 பெய்ஜிங்கிலும் 2012 லண்டனிலும் தங்கமும் வென்றார். எடை குறைந்தவர் என்பதால் ஏற்றிக்கொள்ளப்படும் சுமையாகவே காக்ஸைச் சிலர் எண்ணுகிறார்கள். அது பெரும் பிழை. சுக்கான் ஏறக்குறைய உள்ளங்கை அளவே இருக்கும். அதை இரு கயிறுகளால் இயக்க வேண்டும். தேவைக்கு மேல் ஒரு விரற்கடை இழுத்தாலும் நீர் தடுத்து வேகம் குறையும் என்பதால், இழுக்காமல் இருக்கத் தெரிவதே அங்கே கைத்திறன். நேர் எதிரே, முழங்காலுக்கு அருகில், அணிக்கு வேகம் வகுக்கும் வீராங்கனை அமர்ந்திருப்பார். அவருடைய மூச்சையும் முகத்தையும் படித்து, எந்த இடத்தில் முழு பலத்தையும் கேட்கலாம் என்று காக்ஸ் முடிவு செய்கிறார். அவர் ஒலிவாங்கியில் சொல்வது, இருக்கைகளுக்கு அடியிலுள்ள ஒலிபெருக்கிகள் வழியே எட்டுப் பேருக்கும் ஒரே நேரத்தில் கேட்கிறது. 2,000 மீட்டர், ஏறக்குறைய ஆறு நிமிடம். தவறாகக் கணித்துச் சொன்ன ஒரு சொல்லைத் திரும்பப் பெற அங்கே நேரமில்லை.

லண்டன் இறுதிப் போட்டியில் விப்பிளின் படகு 6 நிமிடம் 10.59 நொடியில் முடித்தது. ஒன்றரை நொடிக்கும் குறைவான இடைவெளியில் கனடா வந்தது. அந்தப் படகின் மீகாமன் லெஸ்லி தாம்ப்சன்-வில்லி, வயது 52. 1984-இல் முதன்முதலாக ஒலிம்பிக்கில் இறங்கி, 1992 பார்சிலோனாவில் தங்கம் வென்றவர். வலிப்பவர்களின் தோளுக்கு வரும் முதுமை அவருடைய தீர்ப்புத்திறனுக்கு வரவில்லை. 2016-இல் ரியோவில், தம் 56-ஆம் வயதில், எட்டாவது ஒலிம்பிக்காக அதே பின்முனை இருக்கையில் கயிறுகளைப் பிடித்து அமர்ந்தார்.