போன வருஷத்துப் பஞ்சாங்கம்

நேயர்களுக்கு வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் திருவல்லிக்கேணி பாரதி சாலைப் பக்கம் போனால், நடைபாதையில் பழைய புத்தகங்களைப் பரப்பி வைத்திருப்பார்கள். பைகிராப்ட்ஸ் ரோடு என்று சொன்னால்தான் பலருக்கு இன்றும் இடம் புரியும். பொறியியல் பாடநூல், போட்டித் தேர்வு கைடு, அட்டை போன நாவல் எல்லாம் முன்வரிசையில் இருக்கும். நான் போய் உட்காருவது பின்னால், கட்டுப் பிரிக்காத குவியலுக்குப் பக்கத்தில். "பஞ்சாங்கம் ஏதாவது வந்துச்சாண்ணே?" என்று கேட்பேன். பழகிய கடைக்காரர் பேசாமல் கையைக் காட்டுவார். போன வருஷத்துப் பஞ்சாங்கத்தை விலை கொடுத்து யார் வாங்குவார்கள்? அதனால் அது பெரும்பாலும் கடைக்கே வருவதில்லை. நேராக எடைக்குப் போய்விடும். தப்பி வந்து சேருவதை நான் விடுவதில்லை.

சோதிடம், எழுத்து, பழைய புத்தகம் மூன்றிலும் எனக்குத் தீராத பிரியம். மூன்றும் ஒரே தாளில் கிடைக்கும் இடம் இந்தப் பழைய பஞ்சாங்கம்.

2025 சித்திரையில் விசுவாவசு வருஷம் பிறந்தது. அதே பெயர் அதற்கு முன் வந்தது 1965-ல். அந்த வருஷம் பிறந்தவர்களுக்கு மணிவிழா. இப்படி வயதானவர்கள் பலர் ஜாதகத்தைத் தொலைத்துவிட்டு, புதிதாக எழுதித் தரச் சொல்லி என்னிடம் வருவார்கள். "நம்ம வீட்டுப் பஞ்சாங்கத்துல இப்பவும் விசுவாவசுதானே போட்டிருக்கு, அதை வச்சு எழுதிடலாமே" என்று ஒரு பெரியம்மா கேட்டார். அறுபது வருஷத்தில் பெயர்தான் திரும்பும்மா, உள்ளே இருக்கும் திதியும் நட்சத்திரமும் கிரக நிலையும் திரும்பாது என்று சொன்னேன். 1965-ல் பிறந்தவருக்கு 1965-ன் பஞ்சாங்கம்தான் வேண்டும்.

இப்போது கைபேசியில் செயலி இருக்கிறதே என்பீர்கள். நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் நம் ஊரில் இரண்டு கணக்கு வழக்கத்தில் உண்டு, வாக்கியம், திருக்கணிதம் என்று. பழங்கால மனப்பாடச் சொற்றொடர்களை வைத்துப் போடுவது வாக்கியம், இன்றைய வானியல் கணக்கால் திருத்திப் போடுவது திருக்கணிதம். திருக்கணிதப்படி சனி 2025 மார்ச் 29-ல் மீனத்துக்குப் பெயர்ந்தது. திருநள்ளாறு கோயில் வாக்கியப்படி நடக்கும் கோயில், அங்கே அன்றைக்குச் சனிப்பெயர்ச்சி கிடையாது, 2026-ல்தான் என்று அறிவித்துவிட்டார்கள். சந்திரன் விஷயத்தில் இது இன்னும் நுணுக்கம். சந்திரன் பரணி நட்சத்திரத்தில் இருக்கும்போது ஒருவர் பிறக்கிறார் என்றால் ஆரம்பம் சுக்கிர தசை, அதாவது சுக்கிரன் ஆளும் காலம், மொத்தம் 20 வருஷம். பிறந்த நேரத்தில் நட்சத்திரம் எவ்வளவு மீதி இருக்கிறதோ அந்த விகிதத்தில்தான் தசை இருப்பு. நட்சத்திரம் சுமார் 60 நாழிகை. ஒரே ஒரு நாழிகை, அதாவது 24 நிமிஷம் தள்ளிப் போனால் தசையில் நாலு மாதம் நகர்ந்துவிடும். ஒரு குடும்பத்து ஜாதகத்தைச் சரிபார்க்க வேண்டுமானால், அதை எழுதியவர் எந்தப் பஞ்சாங்கத்தை விரித்து வைத்துக்கொண்டு எழுதினார் என்பது தெரிய வேண்டும். அதற்குப் பழைய பிரதி கையில் இருந்தே ஆக வேண்டும்.

இந்த வாக்கியக் கணக்கின் அழகைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பழங்கால வானியலர் வரருசி பெயரால் வழங்கும் சந்திர வாக்கியங்கள் 248. ஒவ்வொரு வாக்கியமும் ஒரு நாளுக்குச் சந்திரன் நிற்கும் இடத்தை எழுத்திலேயே ஒளித்து வைத்திருக்கும். மனப்பாடம் செய்தவருக்கு ஏடே தேவையில்லை. ஜான் வாரன் என்ற வெள்ளைக்கார அதிகாரி, 1825-ல் சென்னையில் வெளிவந்த தன் காலசங்கலித நூலில், புதுச்சேரியில் இருந்த ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்த மனிதர் தரையில் சோழிகளை அடுக்கி நகர்த்தியே அந்த வருஷத்துச் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். ஆரம்ப நேரத்தில் பிசகு நாலு நிமிஷம்தான். முடிவில் 52 நிமிஷம் வித்தியாசம் வந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். காகிதம் இல்லை, பேனா இல்லை, மனசும் சோழியும் மட்டும். அவர் வழி வந்தவர்களின் உழைப்பைத்தான் நாம் கிலோக் கணக்கில் போடுகிறோம்.

பலனைப் பற்றி உங்களுக்கு என்ன கருத்து இருந்தாலும் இருக்கட்டும். எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை பஞ்சாங்கக் கணக்கை வைத்தே அட்டவணைகள் போட்டு 1922-ல் 'இந்தியன் எபிமெரிஸ்' என்று கொண்டுவந்தார். கல்வெட்டில் கிழமையும் திதியும் நட்சத்திரமும் இருந்தால் ஆங்கிலத் தேதியைக் கண்டுபிடித்துவிடலாம். வரலாற்று ஆசிரியர்களுக்கு அது பெரிய கொடை.

என்னை எழுத வைப்பது அச்சடித்த பகுதி அல்ல, அதன் ஓரம். என்னிடம் இருக்கும் ஒரு பஞ்சாங்கத்தில் ஆணியில் மாட்டின சணல் கயிறு அப்படியே இருக்கிறது. முனையில் மஞ்சள் கறை. ஆவணி மாதப் பக்கத்தில் பென்சிலால், "பெண் சனனம், உதயாதி 14 நாழிகை", அதாவது சூரியன் உதித்து 14 நாழிகையில். சூரியோதயம் ஆறு மணி என்று வைத்துக்கொண்டால் பகல் 11 மணி 36 நிமிஷம். நாலு வரி கீழே அதே கையெழுத்தில், "சிவப்பி கன்று போட்டது, கிடாரி." அடுத்த மாதப் பக்கத்தில் நெல் அளந்த கணக்கு. பிறகு வேறொரு கையெழுத்து, மையில், ஒரு பெரியவர் இறந்த திதி. திவசம் கொடுக்க அந்தத் திதி வேண்டும் அல்லவா? ஒரு குடும்பம் ஒரு வருஷம் எப்படி வாழ்ந்தது என்பது முழுக்க அங்கே இருக்கிறது. தினமும் விடியற்காலையில் இப்படி ஒரு பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு நோட்டில் எழுதுவேன். அன்றைய திதியை முதல் வரியில் போட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பேன். பெயரும் ஊரும் இருந்தால் அவற்றை மட்டும் விட்டுவிடுவேன். அவை அந்த வீட்டாருக்குச் சொந்தம்.

சென்னையில் மூர் மார்க்கெட் 1985 மே மாதம் எரிந்தபோது பழைய புத்தகக் கடைகளும் சேர்ந்து போயின. கோட்டையூர் ரோஜா முத்தையா போன்றவர்கள் வாழ்நாள் முழுக்கச் சேர்த்து வைத்ததால் பல தமிழ் அச்சுகள் பிழைத்தன. 1994-ல் அவர் பெயரில் சென்னையில் நூலகமே வந்தது.

ஆகவே ஒரு வேண்டுகோள். வருகிற சித்திரை ஒன்றாம் தேதி புதுப் பஞ்சாங்கத்தைப் பூஜையில் வைக்கும்போது, இறக்கின பழசை ஒருமுறை புரட்டுங்கள். அந்த வருஷம் வீட்டில் நடந்த பிறப்பு, கல்யாணம், குடி புகுந்த நாள் எல்லாவற்றையும் அந்தந்தத் தேதிக்கு எதிரே பேனாவால் எழுதுங்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்த பிறந்த நேரத்தோடு ஊர்ப் பெயரையும் போடுங்கள். ஊர் தெரிந்தால்தான் லக்னம் சரியாகக் கணிக்க முடியும். பெட்டியில் இடம் இல்லையென்றால் உங்கள் ஊர் நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். அங்கேயும் வேண்டாம் என்றால் பழைய புத்தகக் கடையில் கொடுத்துவிடுங்கள், என்னைப் போல் ஒருவர் கட்டாயம் வந்து எடுத்துக்கொள்வார்.

நன்றி, வணக்கம்.