வலிக்காத புண்ணைத்தான் முதலில் காட்ட வேண்டும்

(சிங்கப்பூரில் தேக்காவுக்குப் பக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நடந்த மூத்தோர் கூட்டத்தில் வாய்ப் புற்றுநோய் பற்றிப் பல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். வரும் வழியில் பஃபலோ ரோட்டில் வெற்றிலைக் கட்டுகளைப் பார்த்ததும் என் பெரியம்மா ஞாபகம் வந்துவிட்டது. மடியில் சின்ன இடி உரலை வைத்துக்கொண்டு பாக்கு இடிப்பார். இடது கன்னத்தில் எப்போதும் ஓர் உருண்டை அடங்கியிருக்கும். அந்த இடது கன்னத்துக்குள்தான் அவருக்குப் புண் வந்தது. முதலில் வெள்ளையாக ஒரு தடிப்பு, அப்புறம் புண். தேன் தடவினார், நல்லெண்ணெய் கொப்பளித்தார். "வலிக்கலையே, எதுக்கு டாக்டரு?" என்பார். வலி எடுத்தபோது எட்டு மாதம் ஓடியிருந்தது, கழுத்திலும் கட்டி வந்துவிட்டது. நான் அப்போது பல் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவையாவது வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. அதனால்தான் இன்று உங்கள் முன்னால் நிற்கிறேன்.

நாம் பல் டாக்டரிடம் எப்போது போகிறோம்? ராத்திரி தூங்க விடாமல் பல் குடைந்தால்தான். வாய்ப் புற்றுநோயோ ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதே இல்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு வந்த புண் காரம் பட்டால் எரியும், பத்து நாளில் ஆறியும் விடும். அதைப் பற்றிக் கவலை வேண்டாம். இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண், துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, காரணமில்லாமல் ஆடும் பல், மரத்துப்போன உதடு, இவற்றில் எது இருந்தாலும் காட்டுங்கள். வெல்வெட் துணி மாதிரி சிவந்த திட்டு அரிதாகத்தான் வரும். ஆனால் அது வெள்ளைத் திட்டைவிட ஆபத்தானது. வந்தால் தள்ளிப்போடவே கூடாது.

சரி, நாங்கள் வாய்க்குள் என்னதான் பார்க்கிறோம்? பல்செட் இருந்தால் கழற்றச் சொல்வோம். உதட்டைப் புரட்டி, இரண்டு கன்னத்தின் உள்பக்கத்தையும் பார்ப்போம். நாக்கைத் துணியால் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுப்போம். கொஞ்சம் கூச்சமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நாக்கின் ஓரத்திலும் நாக்குக்கு அடியிலும்தான் புற்று அதிகம் வருகிறது. வீட்டுக் கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தால் அந்த இடங்கள் சரியாகத் தெரியாது. அண்ணம், தொண்டை வாசல், கடைசியில் தாடைக்குக் கீழேயும் கழுத்திலும் விரலால் தடவிப் பார்ப்போம். ஐந்து நிமிடம்கூட ஆகாது.

உடைந்த பல்லின் கூர் உரசி வந்த புண்ணா, வேறு ஏதாவதா என்பது சில நேரம் பார்த்ததும் தெரியாது. கூரை மழுக்கிவிட்டு, இரண்டு வாரம் கழித்து வரச் சொல்வோம். உரசலால் வந்தது என்றால் ஆறியிருக்கும். ஆறவில்லை என்றால்தான் அடுத்த பரிசோதனை. அந்த இரண்டாவது தடவையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள்.

"எனக்குத்தான் பல்லே இல்லையே, பல் டாக்டர் எதுக்கு?" என்று கேட்கும் ஐயாமார் உண்டு. ஐயா, பல் போனாலும் நாக்கும் கன்னமும் அங்கேயேதான் இருக்கின்றன. வயது ஏற ஏற இந்த நோய் வரும் வாய்ப்பும் ஏறுகிறது. நீங்கள்தான் கட்டாயம் வர வேண்டும்.

பாக்கைப் பற்றிப் பேசினால் சிலருக்கு வருத்தம். "புகையிலைதானே கெடுதல், நான் போடுறது வெறும் வெற்றிலை பாக்கு" என்பார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வெளியிட்ட நூலில், புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. பாக்கில் உள்ள அரிகோலின் என்ற வேதிப்பொருள் கன்னத்தின் உள்தோலில் நார்த் திசுவை வளரச் செய்கிறது. கன்னம் விறைக்கும், ரசம் குடித்தால்கூட எரியும், வாய் திறப்பது குறைந்துகொண்டே வரும். இப்போதே மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வாய்க்குள் வைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றால் வந்து காட்டுங்கள். நார் பிடித்த பிறகு பாக்கை விட்டாலும் கன்னம் பழையபடி இளகுவது கடினம். ஆனாலும் விட்டே ஆக வேண்டும். தாம்பூலத் தட்டு மாற்றுவதை நான் குறை சொல்லவில்லை. கன்னத்தில் அடக்கிக்கொள்ளாதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

குட்கா, கைனி, ஜர்தா போன்ற மெல்லும் புகையிலை வகைகளுக்கெல்லாம் 2016 முதல் சிங்கப்பூரில் தடை. சிகரெட்டும் மதுவும் தனித்தனியாகவே கெடுதல். இரண்டும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு.

இன்னொரு பயத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். "கத்தி பட்டா பரவிடும்." எத்தனை பேர் இதைச் சொல்லித் திரும்பிப் போயிருக்கிறார்கள்! மரத்துப்போக ஊசி போட்டு மிளகு அளவு சதை எடுத்துச் சோதிப்பதால் புற்று பரவாது. அவர்களுக்குப் பரவியது என்றால், வந்து சேரவே ஆறு மாதம் ஆனதால்தான். தொடக்கத்தில் பிடிபட்டால் பத்துப் பேரில் ஏறக்குறைய எட்டுப் பேர் ஐந்து ஆண்டுக்கு மேல் வாழ்கிறார்கள்.

வெறும் கண்ணால் பார்ப்பதில் என்ன பயன் என்று கேட்கலாம். திருவனந்தபுரம் பகுதியில் 1996இல் ஒரு பெரிய ஆய்வு தொடங்கினார்கள். பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய், டார்ச் அடித்து வாயைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் 34 விழுக்காடு குறைந்திருந்ததாக 2005இல் முடிவு வெளியானது. அவர்களிடம் பெரிய இயந்திரம் எதுவும் இல்லை.

செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். அரசாங்க மருத்துவ உதவிக்கான நீல, ஆரஞ்சு சாஸ் அட்டை உள்ளவர்களுக்கும், முன்னோடி, மெர்டேக்கா தலைமுறை மூத்தோருக்கும் பல் மருத்துவத்துக்கு உதவித்தொகை உண்டு. பலதுறை மருந்தகங்கள் பலவற்றிலும் பல் பிரிவு இருக்கிறது. சந்தேகம் என்றால் தேசியப் பல் மருத்துவ நிலையத்துக்கு அனுப்புவார்கள்.

பின்னால் இரண்டு நாற்காலி போட்டிருக்கிறோம். நானும் என்னோடு வந்திருக்கும் டாக்டரும் மதியம் வரை இருப்போம். பல்செட் போட்டிருப்பவர்கள் கழற்றி வைக்கச் சின்ன டப்பாக்களும் இருக்கின்றன. முதல் வரிசை அம்மா, நீங்கள் முதலில் வாருங்கள்.